சின்னக் குழந்தை, கடல், சைக்கிள்: புதுச்சேரியா, தரங்கம்பாடியா, ராமேஸ்வரம் பக்கமா?

நான்கு வயது மகள், இரண்டு சைக்கிள்கள், காரின் பின்னால் அவற்றைக் கட்ட ஒரு ரேக். மதுரையிலிருந்து கிளம்பி கடலோரமாகச் சில நாள் அலைச்சல் இல்லாமல் இருந்துவிட்டு வர வேண்டும். காலையில் கொஞ்சம் சைக்கிள், பிறகு தண்ணீர், மதியம் தூக்கம். இதற்காக எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட ஊர்கள் மூன்று: புதுச்சேரி, தரங்கம்பாடி, ராமேஸ்வரம். மூன்றிலும் குழந்தையோடு தங்கிப் பார்த்தாகிவிட்டது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராமேஸ்வரம் பக்கம். அதிலும் கோயிலைச் சுற்றிய ஊர் அல்ல, பாக் விரிகுடாவைப் பார்த்த வடகரை, குறிப்பாக அரியமான்.

மாமல்லபுரம் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். சென்னைக்காரர்களுக்கு அது பக்கம், எங்களுக்குத் தூரம். அவ்வளவு தூரம் போவதானால் புதுச்சேரியிலேயே இறங்கிவிடலாம்.

சாப்பாடு, தங்குமிடம், பொழுதுபோக்கு என்று பார்த்தால் புதுச்சேரியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. எந்த விலையிலும் அறை கிடைக்கும், குழந்தைக்கு நடு இரவில் மருந்து வேண்டுமென்றாலும் கிடைக்கும். தரங்கம்பாடியில் அமைதி உண்டு, கடைகள் குறைவு. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி சைவ உணவகங்கள்தான் அதிகம். நல்ல மீன் சாப்பிட பாம்பன், மண்டபம் பக்கம் வர வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் நிறையப் பேச விரும்புவது தண்ணீரைப் பற்றி.

கடற்கரை விடுமுறை என்று குழந்தையிடம் சொல்லிவிட்டால், அது கடலில் இறங்கத்தான் கேட்கும். கரையில் நின்று வேடிக்கை பார்க்கச் சொன்னால் பத்து நிமிடம் கேட்கும், அப்புறம் அழும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான்கு வயதுக் குழந்தை முழங்கால் ஆழத்தில் அரை மணி நேரம் நிற்க முடியுமா? பெற்றோர் ஒவ்வோர் அலைக்கும் பதறாமல் பக்கத்தில் உட்கார முடியுமா?

புதுச்சேரியில் இதற்குப் பதில் பெரும்பாலும் முடியாது என்பதுதான். காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையை ஒட்டி இருப்பது கருங்கல் சுவர். 1989-இல் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டது; நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்பரப்பைக் கடல் தின்றுவிட்டது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் அங்கே வருவது திறந்த வங்காள விரிகுடாவின் அலை. கரை சட்டென்று சரியும், அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளையே அது இழுத்துப்போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை பரவாயில்லை. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கரை. சுத்தமாக இருக்கிறது, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் நாங்கள் மகளின் கையை விடவே இல்லை.

தரங்கம்பாடியிலும் அதே கடல்தான். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் நின்றால் அலையின் ஓசை நெஞ்சில் இறங்கும். பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அந்தக் கடல்தான் கொண்டுபோனது. மிச்சத்தைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் மணிக்கணக்கில் உட்காரலாம். வாளியும் மண்வெட்டியும் கொடுத்தால் குழந்தை மணலில் விளையாடும். இறக்கிவிட எனக்குத் துணிவு வரவில்லை.

இனி அரியமான். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் பிரிந்தால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் போல இருக்கும். காரணம் எளிது. கிழக்கே இலங்கை மறைக்கிறது, தென்கிழக்கே ராமர் பாலத்து மணல் திட்டுகள் மறைக்கின்றன; பெருங்கடலின் நீண்ட அலை உள்ளே வர வழியில்லை. பாக் விரிகுடாவே ஆழம் குறைந்தது, பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றித்தான். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுகூட வராது. என் மகள் அங்கே தண்ணீருக்குள்ளேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடுமுறை என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ராமேஸ்வரம் பக்கம் எந்தக் கடலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்குள்ளவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் கூடும், தீவின் கோடியான அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது. குளிக்கத் தடை உண்டு, அந்தத் தடையை மதிக்க வேண்டும். வடகரையும் ஆண்டு முழுக்கச் சாதுவாக இருப்பதில்லை. அரியமானில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னது: “ஐப்பசி, கார்த்திகையில வந்துராத தங்கச்சி. வாடை அடிச்சா இந்தக் கடலும் பொங்கும். அப்ப தெக்குக் கடலு படுத்துக்கிடக்கும்.” நாங்கள் போனதெல்லாம் தை மாதத்துக்குப் பிறகும் கோடை விடுமுறையிலும்தான். மழைக்கால அரியமானை நான் பார்த்ததில்லை. பெரியவர் சொல்லை நம்பி அந்த மாதங்களை ஒதுக்குகிறேன்.

குறைகளும் உண்டு. ஈடனின் சுத்தத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கடற்புல் கரையில் ஒதுங்கி மட்கும், சில நாள் நாற்றம் அடிக்கும். தண்ணீருக்குள் உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும், குழந்தைக்குப் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு அவசியம். சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருக்கிறதா என்று இறங்கும் முன் அங்கிருப்பவர்களைக் கேட்டுவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாகக் கூட்டம் வந்து இறங்கும். வார நாளில் கரை கிட்டத்தட்ட நம்முடையது.

சைக்கிளுக்கு வருவோம். இதில் மனம் அறிந்து சொன்னால் புதுச்சேரிதான் முதலிடம். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. விடிகாலையில் அந்தச் சாலையிலும், வெள்ளையர் நகரத்தின் நேர் தெருக்களிலும் குழந்தையைப் பின்னால் வைத்து ஓட்டுவது பரமசுகம். ஆரோவில்லின் செம்மண் பாதைகளில் மர நிழல் உண்டு. வெயிலுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. சைக்கிள் வாடகைக்கும் எளிதாகக் கிடைக்கும், சொந்தச் சைக்கிளைச் சுமந்து போகும் வேலையே இல்லை.

தரங்கம்பாடியில் கோட்டையைச் சுற்றிய தெருக்கள் அருமை, வண்டி நடமாட்டமே இல்லை. ஆனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பொறையாறு, திருக்கடையூர் பக்கம் வயல் சாலைகளில் போகலாம் என்று சொன்னார்கள். ஓர் இரவுதான் தங்கினோம், அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அரியமானைச் சுற்றிப் பனையும் தென்னையுமாக மேடு பள்ளமில்லாத ஊர்ச்சாலைகள் இருக்கின்றன. குழந்தையோடு நிதானமாகப் போக அவை போதும். மண்டபம் போகும் நெடுஞ்சாலையையும் பாம்பன் பாலத்தையும் விட்டுவிடுங்கள். பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நினைத்த இடத்தில் நிற்கும். குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிற இடமல்ல. புதிய ரயில் பாலத்தைக் காட்ட ஆசை என்றால் காரிலேயே காட்டுங்கள்.

தனுஷ்கோடிச் சாலை வேறு ரகம். முகுந்தராயர் சத்திரத்தில் காரை நிறுத்தினால், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர். 2017-இல் திறந்த சாலை, நேர்க்கோடு, இரு பக்கமும் கடல். பாதி வழியில் 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் வரும். அந்தக் காலைகளுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகத் தயார். ஆனால் ஒரு துளி நிழல் கிடையாது. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் அறையும். பின் இருக்கையில் பதினைந்து கிலோ குழந்தை இருக்கும்போது சைக்கிள் ஆடும். மணல் வேறு சாலையில் ஏறிக் கிடக்கும், மெல்லிய டயர் அதில் சறுக்கும். அப்படிக் காற்று அடித்த ஒரு காலையில் தனுஷ்கோடி வரை போய்த் திரும்பிவிட்டோம். மகளுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. திரும்பும் வழியில் தூங்கிப்போனாள். தலை முன்னால் சாயாமல் தோள்வார் பிடித்துக்கொண்டது. இருக்கை வாங்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே வார் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இடுப்புப் பட்டை மட்டும் போதாது.

ஆக சைக்கிளில் புதுச்சேரி முந்துகிறது, தண்ணீரில் அரியமான் வெகுதூரம் முந்துகிறது. சைக்கிள் ஒரு மணி நேரம், தண்ணீர் நாள் முழுக்க. பயணத் தூரமும் எங்களுக்குச் சாதகம்: மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர்தான்; புதுச்சேரி கிட்டத்தட்ட இரு மடங்கு. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். இரவு ரயிலில் ராமேஸ்வரம் வருவதானால் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு நான் புதுச்சேரியையே சொல்வேன், ஈடனில் குழந்தையின் கையை விடாமல்.

போவதென்று முடிவானால் நாட்காட்டியில் தை, ஆடி, மகாளய அமாவாசைகளைப் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய நாளிலும் தீவு முழுக்கக் கூட்டம், அறை விலை ஏறியிருக்கும், அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. மண்டபத்துக்கு இந்தப் பக்கமாகவே அறை எடுத்துக்கொண்டால் பாலத்து நெரிசலும் மிச்சம், அரியமானும் பக்கம்.