இரண்டு எபிசோடுக்கு ஒரு டிஸ்க்கா, பன்னிரண்டுக்கு இரண்டா?

12 எபிசோடு கொண்ட ஒரு டிவி அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடரை) எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் அது பெரும்பாலும் ப்ளூரே டிஸ்க்குக்கு 2 எபிசோடு வீதம் 6 வால்யூமாக, அதாவது ஆறு தனித்தனிப் பெட்டியாக வரும். ஒரு வால்யூம் 6,000 முதல் 8,000 யென். அமெரிக்காவில் அதே தொடர் இரண்டே டிஸ்க்கில், ஒரே பெட்டியில், ஏறக்குறைய ஒரு ஜப்பானிய வால்யூமின் விலைக்கு வந்துவிடும். சென்னையில் டிஸ்க் சேர்க்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: அமெரிக்கப் பெட்டியில் அமுக்கித் திணித்திருப்பார்களே, படம் கெட்டுப்போயிருக்காதா?

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

தகவல் பதியும் அடுக்கு, அதாவது லேயர், ஒன்று என்றால் ப்ளூரே 25 ஜிபி, இரண்டு என்றால் 50 ஜிபி. எபிசோடு ஒன்று 24 நிமிடம். 25 ஜிபி டிஸ்க்கில் 2 எபிசோடு என்றால் நொடிக்கு 69 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. ஆனால் ப்ளூரே விதிப்படி படத்துக்கு உச்சவரம்பு 40 மெகாபிட். ஒலியெல்லாம் சேர்த்தாலும் 48. அதாவது எவ்வளவு தாராளமாக என்கோட் செய்தாலும் (படத்தைச் சுருக்கிப் பதிவு செய்தாலும்) அந்த 48 நிமிடம் 17 ஜிபி சொச்சத்தைத் தாண்டாது. மீதி இடம் சும்மாதான் கிடக்கும். ஜப்பானிய வால்யூம் வாங்குகிறவர் காசு கொடுப்பது கலைப் புத்தகத்துக்கும், போஸ்ட்கார்டுக்கும், நிகழ்ச்சி டிக்கெட் குலுக்கல் சீட்டுக்கும், ஜிபிக்கு அல்ல.

அமெரிக்கப் பெட்டியில் முதல் டிஸ்க்கில் 8 அல்லது 9 எபிசோடு, இரண்டாவதில் மீதி என்று பிரிப்பது வழக்கம். 50 ஜிபியில் 9 எபிசோடு வைத்தால் நொடிக்கு 30 மெகாபிட் சொச்சம். ஜப்பானிய ஒலி ஒன்று, ஆங்கில 5.1 (ஆறு சேனல்) ஒலி ஒன்று என்று இரண்டுமே இழப்பில்லாத வகையில் வைத்தால் அதில் 4, 5 மெகாபிட் போய்விடும். மிஞ்சுவது 25-க்கு மேல். டிஜிட்டலில் வரைந்த அனிமேக்கு அது தாராளம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் புதிய ஓவியம் 8 அல்லது 12-தான் இருக்கும். அசையாத பின்னணியையும் திரும்ப வருகிற அதே ஓவியத்தையும் எச்.264 என்ற படச் சுருக்க முறை ஏறக்குறைய இலவசமாகக் கடத்திவிடும். மழை, பட்டாசு, காகிதத் துணுக்குகள் பறக்கும் காட்சி என்று வரும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும்.

அப்படியானால் படம் ஏன் சில பெட்டிகளில் அசிங்கமாக இருக்கிறது? இங்கேதான் அளவை விட்டுவிட்டு என்கோட் செய்தவரின் கையைப் பார்க்க வேண்டும். அனிமேயின் பெரிய எதிரி பேண்டிங். இரவு வானக் காட்சி ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மேலே கருநீலம், தொடுவானத்தருகே கொஞ்சம் வெளிறிய நீலம். ப்ளூரேயில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 220 படிதான். அந்த வானத்தின் இரண்டு நீலங்களுக்கும் நடுவே 20 படிதான் இருக்கிறது என்றால், 1080 வரி உயரத்தில் ஒவ்வொரு படியும் 50 வரிக்கு மேல் அகலமான பட்டையாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய டிவியில் பார்த்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

இதற்கு மருந்து, படத்தில் வேண்டுமென்றே நுண்ணிய இரைச்சலைத் தூவுவது. பட்டையின் விளிம்பு கலைந்து கண்ணுக்கு மென்மையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் இரைச்சல்தான் பிட்டைத் தின்கிற பொருள். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் முந்தையதைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. கஞ்சத்தனமான என்கோடர் முதல் வேலையாக இதைத்தான் துடைத்தெறியும். பட்டை திரும்ப வந்துவிடும். 35 மெகாபிட் கொடுத்துவிட்டு இருட்டுப் பகுதிக்கு மட்டும் கிள்ளிக் கொடுத்த டிஸ்க்கைவிட, 22 மெகாபிட்டில் பார்த்துப் பார்த்துச் செய்தது நன்றாக இருக்கும். ஜப்பானிய டிஸ்க் சில சமயம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அதுவும் எப்போதும் அல்ல.

செல் காலத்து அனிமேக்கு மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். 2000-க்கு முன்பு வந்தவற்றில் பெரும்பாலானவை கையால் வண்ணம் தீட்டிய செல்லுலாய்டு தாளைப் படச்சுருளில் பிடித்தவை. அங்கே கிரெய்ன் (படச்சுருளுக்கே உரிய மணல் போன்ற துகள்) நாம் தூவிய மருந்து இல்லை, படத்தின் தோலே அதுதான். ஒரு ஃபிரேமை நிறுத்தி அருகில் போய்ப் பார்த்தால் செல்லில் ஒட்டிய தூசு, தூரிகைக் கோடு, பாத்திரத்தின் ஓரத்தில் பின்னணி மேல் விழும் மெல்லிய நிழல்கூடத் தெரியும். அசையாத காட்சியிலும் கிரெய்ன் கொதித்துக்கொண்டே இருப்பதால் முன்பு சொன்ன இலவசக் கடத்தல் இங்கே செல்லாது. இங்கே ஜிபி உண்மையாகவே முக்கியம்.

இதில் ஒலியும் பங்கு கேட்கும். 1988-இல் வந்த ‘அகிரா’ திரைப்படத்தின் 2009 ப்ளூரேயில் ஜப்பானிய ஒலியை 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் 5.1 ட்ரூஎச்டியாக, அதாவது ஓர் இழப்பில்லாத ஒலி வகையாக வைத்தார்கள். ப்ளூரேயில் ட்ரூஎச்டியின் வரம்பே 18 மெகாபிட். மொத்தம் 48-இல் ஒலி அவ்வளவு கேட்டால் படத்துக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கிற காது இருக்கிறவர்களுக்கு வணக்கம், எனக்கு இல்லை.

அதே படம் 2020-இல் ஜப்பானில் 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்காக வந்தது. இந்த வகையில் இரண்டு லேயர் 66 ஜிபி, மூன்று லேயர் 100 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்தை 66 ஜிபியில் வைத்தால் நொடிக்கு 70 மெகாபிட்டுக்கு மேல், அதுவும் எச்.264-ஐவிடத் திறமையான எச்.265-இல், 10 பிட் நிறத்தில். 220 படி ஏறக்குறைய 900 ஆகிறது, வானம் பிழைத்துக்கொள்ளும். படச்சுருளில் எடுத்த திரைப்படம் என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். டிவி தொடருக்கு 4கே என்றால் நான் கைவைக்க மாட்டேன். டிஜிட்டல் டிவி அனிமேயில் பல, 1080-க்கும் குறைவான அளவில் உருவாகிப் பிறகு பெரிதாக்கப்பட்டவை. அதை மறுபடி நான்கு மடங்காக்கி 100 ஜிபியில் வைத்தாலும் இல்லாத கோடு முளைக்காது.

டிவிடியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 8.5 ஜிபி டிஸ்க்கில் 4 எபிசோடு வைத்தால் டிவிடியின் முழு வரம்பான 10 மெகாபிட்டும் கிடைக்கும். 7 எபிசோடு என்றால் 6.7. டிவிடியின் பழைய சுருக்க முறையான எம்பெக்-2-க்கு அது பரவாயில்லை ரகம். சென்னை பர்மா பஜாரில் ஒரு காலத்தில் கிடைத்த, 26 எபிசோடையும் ஒரே 4.7 ஜிபி தட்டில் அடைத்த சரக்குக்கு நொடிக்கு 1 மெகாபிட்தான் தேறும். பாத்திரங்களின் கறுப்புக் கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள் ஆடும். அந்தக் கொசுவோடுதான் நம்மில் பலர் அனிமேக்குள் வந்தோம்.

2000-களின் தொடக்கத்தில் கணினியில் வண்ணம் தீட்டிய தொடர்களில் பலவற்றுக்கு மூலமே 480 வரிதான். இவற்றை எச்டி என்று பெரிதாக்கி விற்பதைவிட, டிஸ்கோடெக் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் செய்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சாதாரணத் தெளிவு கொண்ட எபிசோடுகளை அப்படியே ப்ளூரே தட்டில் கொத்தாக வைத்துவிடுகிறார்கள். 50 ஜிபியில் 52 எபிசோடு வைத்தாலும் நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும், எச்.264-இல் 480 வரிக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். ஒரே தட்டு, அலமாரியில் ஒரு விரல் இடம், படம் பழைய டிவிடியைவிடச் சுத்தம். அளவை அறிவோடு செலவழிப்பது என்றால் இதுதான்.

ஸ்ட்ரீமிங்கில் 1080 என்றாலும் பொதுவாக ஒற்றை இலக்க மெகாபிட். இரவு வானம் அங்கே பட்டையாகத்தான் வரும். ஆனால் தமிழ் டப்பிங் வேண்டும் என்றால் க்ரஞ்சிரோல் போன்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்குத்தான் போக வேண்டும். ஜப்பானிய, அமெரிக்கத் தட்டுகளில் தமிழை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் தங்கச்சி தமிழில் பார்க்கட்டும், டிஸ்க் நமக்கு.

ஆக, டிஜிட்டல் டிவி தொடருக்கு என் ஓட்டு அமெரிக்க இரண்டு டிஸ்க் பெட்டிக்கு. பெட்டியில் எத்தனை தட்டு என்று எண்ணுவதைவிட, முதல் தட்டு 50 ஜிபியா, பேண்டிங் பற்றி வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானிய வால்யூமில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் பகுதிக் குறியீடு: எந்த நாட்டுத் தட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று தீர்மானிக்கும் பூட்டு. ப்ளூரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி, நாம் சி. டிவிடியில் நாம் 5, அமெரிக்கா 1, ஜப்பான் 2. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஏ தட்டைப் போட்டால் திரையில் மறுப்பு வாசகம்தான் வரும். அல்ட்ரா எச்டி தட்டுக்குப் பகுதிப் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் சாதாரண ப்ளூரேவுக்கு இருக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பி ப்ளூரே டிரைவ் ஒன்று தேடி வாங்கிக் கணினியில் பார்ப்பது எளிய வழி. ப்ளூரேயின் பகுதியைச் சரிபார்ப்பது பிளேயர் மென்பொருள்தான், டிரைவ் அல்ல. டிவிடிக்கு இது பொருந்தாது: அங்கே டிரைவே பகுதியை நினைவு வைத்துக்கொள்ளும், ஐந்து முறைதான் மாற்றவும் விடும்.