பிரம்பு யானையா, ஃபோம் யானையா?

குழந்தைகள் நாடகத்துக்கு ஏழடி உயர யானை வேண்டும், உள்ளே இரண்டு பேர் நின்று அதை நடத்த வேண்டும் என்று முடிவானதும் எங்கள் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பிவிசி பைப்பில் சட்டம் போட்டு மேலே மெத்தைக்கடை ஃபோமை வெட்டி ஒட்டலாம் என்றது ஒரு கட்சி. பிரம்பில் கூடு கட்டிக் காடாத் துணி போர்த்தலாம் என்றது இன்னொன்று. கடைசியில் பிரம்புதான் கட்டினோம். நான் முதலிலிருந்தே பிரம்புக் கட்சி. அதற்கேற்பக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

பார்வைக்கு ஃபோம்தான் ஜெயிக்கும். நெற்றி மேடு, கன்னக் குழி, முழங்கால் மடிப்பு எல்லாம் கத்தியால் செதுக்கினாலே வந்துவிடும். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபோமில் பசைக்குப் போகும் காசு பிரம்பில் கூலிக்குப் போகிறது. எங்களுக்குத் தைக்கால் பக்கம் என்பதால் கைவேலை தெரிந்தவர் சுலபமாகக் கிடைத்தார். சிதம்பரம் - சீர்காழி சாலையில் போனவர்கள் அந்த ஊரின் பிரம்புக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓசூரில் இருக்கும் குழுவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

எதில் கட்டினாலும் அளவு ஒன்றுதான். யானையின் முன்கால் பாதச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும். தோள் வரை ஏழடி என்றால் பாதம் மூன்றரை அடிச் சுற்று. கண்மதிப்பில் கால் வைத்தால் எருமை ஆகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொம்மையைக் கட்டுவது ஒரு முறை வேலை. பழுது பார்ப்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உண்டு. வண்டியில் ஏற்றும்போது ஓர் இடி, மேடைப் படியில் ஓர் உரசல், நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் ஓடி வந்து வாலில் தொங்குவது. பிரம்பில் ஒரு விலா உடைந்தால் அந்த விலாவோடு போகிறது. ஒரு துண்டுப் பிரம்பை அணை கொடுத்து, நனைத்த பிரம்பு நாரால் இறுக்கிச் சுற்றினால் போதும். நார் காயக் காய இன்னும் இறுகும். யானைக்கு வேலை இல்லாத காட்சி ஓடும்போதே திரைக்குப் பின்னால் இதை முடித்துவிடலாம். ஃபோம் கிழிந்தால் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, அது காயும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்த வேண்டும். சன்னல் இல்லாத ஒப்பனை அறையில் அந்த நெடியோடு யார் உட்காருவது? உள்ளே பைப் மூட்டு விட்டுப்போனால் இன்னும் மோசம்; நன்றாக இருக்கும் தோலை அறுத்துத்தான் அதைத் தொட முடியும். பிரம்புக் கூட்டில் எல்லாக் கட்டும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். குழுவில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே பிரம்பு என்பேன்.

வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. மே மாதத்தில் உள்ளே இரண்டு பேர் நின்றால் ஃபோம் அத்தனையும் குடித்துக்கொள்ளும், துவைக்கவும் முடியாது. ஐப்பசி மழையில் நனைந்தால் லேசில் காயாது, வெயில் பட்டாலோ மஞ்சளாகிப் பொடியாக உதிரும். காடாத் துணியைக் கழற்றி அலசிப் போடலாம்.

பிரம்புக்கும் எதிரி உண்டு: வண்டு. உளுத்துப் போனால் மாவாகக் கொட்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கட்டினோம். எங்கள் யானை இன்னும் இளசு. எத்தனை வருஷம் தாங்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

ஆட்டத்தில் என்ன வித்தியாசம்? யானை இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசையில் நடக்கும். அதாவது பின்னால் நிற்பவர் அரை எட்டு முந்த வேண்டும். அதற்கு அவர் முன்னால் இருப்பவரின் காலைப் பார்த்தாக வேண்டும். துணி வழியாக வெளிச்சம் வருவதால் பிரம்புக் கூட்டுக்குள் அது நடக்கிறது. ஃபோமுக்குள் இருட்டு, நாங்கள் செய்து பார்த்த மாதிரி உடலில் எண்ணிச் சொல்லிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு 2007-ல் லண்டன் தேசிய நாடக அரங்குக்குச் செய்த குதிரையும் பிரம்புக் கூடுதான். ஆட்டுபவர்களை அவர்கள் ஒளிக்கவில்லை. நிற்கும்போதும் பொம்மை மூச்சு விட வேண்டும் என்பது அவர்களின் பாலபாடம். பிரம்புக்கு இயல்பிலேயே ஒரு துள்ளல் இருப்பதால், முன்னால் நிற்பவர் முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தாலே வயிறு ஏறி இறங்குகிறது. விறைப்பான பைப் சட்டத்தில் எங்களுக்கு அது வரவில்லை. கெட்டிக்காரர்கள் வரவைக்கக்கூடும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு ஆட்டம், ஏசி மண்டபம் என்றால் தாராளமாக ஃபோமில் செய்யுங்கள். எங்கள் யானையிலும் ஓர் இடத்தில் ஃபோம் இருக்கிறது. தும்பிக்கை என்பது வரவரச் சிறுத்துப்போகும் பிரம்பு வளையங்களைத் துணிக்குள் தைத்து, நடுவே கயிறு ஓட்டியது. நுனியை மட்டும் ஃபோமில் செய்தோம். முன்வரிசைப் பிள்ளையிடமிருந்து வாழைப்பழம் வாங்கும் காட்சி இருந்ததால், பிரம்பு முனை யார் கண்ணிலாவது குத்திவிடக் கூடாதே என்றுதான்.