கேட் (CAT) ஏழாம் தலைமுறை டூர்னிகே: அவிழ்க்கும் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

டூர்னிகே என்பது கைகாலில் கொட்டும் ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. அதன் குணம் கட்டுகிறவரைவிட, படை மருத்துவமனையில் அதை அவிழ்க்கிற மருத்துவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கேட் என்ற வகையின் பட்டை 3.8 செ.மீ. அகலம். ஒரு பக்கிள், பட்டையை இறுக்க ஒரு முறுக்குக் கம்பு, கம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப், நேரம் எழுத ஒரு வெள்ளை நாடா. அவ்வளவுதான். ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம்.

இது வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. 2006-இல் பாக்தாத் படை மருத்துவமனையில் டூர்னிகே போடப்பட்ட 232 பேரைப் பார்த்தார்கள். உடல் ஷாக்கில் (ரத்த இழப்பால் ரத்த ஓட்டமே தளரும் நிலை) விழும் முன் போட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். விழுந்த பிறகு போட்டவர்களில் 10 விழுக்காடுதான். டூர்னிகே போட்டதாலேயே கைகாலை இழந்தவர் ஒருவர்கூட இல்லை.

பிறகு எங்கே சொதப்புகிறது? பெரும்பாலும் கம்பில் அல்ல, பட்டையில். பட்டையைத் தளர்வாக விட்டுவிட்டுக் கம்பை முறுக்கினால், அந்தத் தளர்வைத் தின்னவே எல்லாச் சுற்றும் போய்விடும். முதலில் பட்டையை முழு பலத்தோடு இழுத்து, மூன்று விரல் நுனிகள் அடியில் நுழையாத அளவுக்கு இறுக்கி வெல்க்ரோவை ஒட்ட வேண்டும். மூன்று அரைச்சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டியிருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரித்து மறுபடி இழுங்கள். ஏழாம் தலைமுறையில் பட்டை பக்கிளுக்குள் ஒரே முறைதான் நுழைகிறது. பழைய இரட்டைக் கோர்ப்பின் குழப்பம் இல்லை. நல்ல மாற்றம்.

அரைகுறை இறுக்கம்தான் மிக ஆபத்து. சிரை அடைபட்டுத் தமனி திறந்தே இருந்தால் உள்ளே போகும் ரத்தம் திரும்ப வழியில்லாமல் காயம் வழியாகவே அதிகமாகக் கொட்டும், தசையும் வீங்கும். ரத்தம் நிற்க வேண்டும், கீழே நாடி அற்றுப்போக வேண்டும். வலி கடுமையாக இருக்கும். அதற்கு வலிநிவாரணி கொடுங்கள், பட்டையைத் தளர்த்தாதீர்கள். காயத்துக்கு 5 முதல் 7.5 செ.மீ. மேலே போடுங்கள், மூட்டின்மேல் வேண்டாம். கால்சட்டைப் பையில் சாவியோ கைபேசியோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பருத்த தொடைக்கு இந்த அகலம் போதாமல் போவதுண்டு. அப்போது முதலாவதை ஒட்டி மேலே இன்னொன்று. அறுவை அரங்கில் காற்றடைத்து இறுக்கும் பட்டை அகலமானது, குறைந்த அழுத்தத்திலேயே வேலையை முடிக்கும். ஆனால் களத்துக்குப் பெரியது, ஓட்டை விழும்.

மருத்துவமனை வாசலில் முதல் வேலை மறுசோதனை. ரத்தம் ஏற்றி அழுத்தம் உயர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த காயம் மறுபடி கசியும். டூர்னிகே போட்டு 2 மணி நேரத்துக்குள், ஷாக் இல்லை, காயத்தை இடைவிடாமல் கவனிக்க ஆள் உண்டு, கைகால் துண்டாகவில்லை என்றால் டூர்னிகேயிலிருந்து சாதாரணக் கட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். ரத்தம் உறையவைக்கும் காஸ் துணியைக் காயத்துக்குள் ஆழமாகத் திணித்து 3 நிமிடம் அழுத்துங்கள், கட்டுப் போட்டபின் கம்பை மெதுவாகத் தளர்த்துங்கள். பட்டை அங்கேயே தளர்வாகக் கிடக்கட்டும். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் வார்டில் கைவைக்கவே கூடாது: தேங்கிய பொட்டாசியமும் அமிலமும் இதயத்தைத் தாக்கும். அவ்வப்போது தளர்த்தி 'கொஞ்சம் ரத்தம் விடுவது' பழைய பழக்கம். அது ஆளைக் கொல்லும்.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், இறுக்கும்போது கம்பு வளையும், இல்லையென்றால் ஒடியும். பயிற்சிக்குத் தனியாக நீல நிறத்தில் ஒன்று உண்டு. பயிற்சியில் முறுக்கியதைக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உறையோடு பையில் கிடந்தால் ரத்தம் தோய்ந்த விரலால் பிரிக்க முடியாது. உறையை நீக்கி, பக்கிளில் கோர்த்து, பெரிய வளையமாக மடித்து வையுங்கள். வெயிலில் வெளியே தொங்கவிட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும். கூடவே ஒரு அழியா மை பேனா: ஈரமான நாடாவில் பந்துமுனைப் பேனா எழுதாது, நேரம் இல்லாமல் வரும் பட்டையை மேசையில் ஆறு மணி நேரம் தாண்டியதாகத்தான் கருத வேண்டியிருக்கும்.