'கப்பிள் பேக்கேஜ்' ஆங்கில ஆசிரியர் கோர்ஸ்: வகுப்புக்கு நாலு ஸ்டார், வேலை வாங்கித் தருவதற்கு ஒன்று

சென்னையில் ஒரு கன்சல்டன்சி இந்தப் பேக்கேஜை விற்கிறது. பெயர் வேண்டாம், இதே சரக்கை விற்கிற இடங்கள் இன்னும் பல இருக்கின்றன, பேச்சும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க 120 மணி நேர டெஃபல் கோர்ஸ், கணவன் மனைவி சேர்ந்து கட்டினால் தள்ளுபடி, முடித்ததும் ஆசியாவில் ஒரே ஊரில், முடிந்தால் ஒரே பள்ளியில், இரண்டு பேருக்கும் வேலை. நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். வீட்டுக்காரர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர், டிகிரி கிடையாது. ஆனால் ஆங்கிலம் பேசுவதில் அவர்தான் என்னைவிடச் சரளம், துபாய் சைட்டில் பல நாட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கிய வாய் அது. கவுண்டரில் இருந்த பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒருத்தருக்கு டிகிரி இருந்தால் போதும் மேடம், சாரை அதிலேயே சேர்த்துவிடலாம்" என்றார். டிகிரி என்ன ரேஷன் கார்டா, ஒருத்தர் பெயரில் எடுத்து மற்றவரைச் சேர்க்க?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோர்ஸில் பெரும்பகுதி ஆன்லைன், வீடியோவும் வினாடி வினாவும், அது சுமார்தான், பாதியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது. ஆனால் வாரக் கடைசியில் நேரில் நடக்கும் பயிற்சி வகுப்பு அருமை. வெளிநாடு போவதற்காகத் தேர்வுக்குத் தயாராகும் நர்ஸ்களை உட்கார வைத்து, நம்மைப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள், பின்னால் ஒரு பயிற்சியாளர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் 'ஹி யூஸ்ட் டு ஸ்மோக்' (முன்பு வழக்கமாகச் சிகரெட் பிடிப்பான், இப்போது இல்லை) என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதி, நீளமாக விளக்கிவிட்டு, கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். பயிற்சியாளர் எழுந்து வந்து அப்படிக் கேட்கவே கூடாது என்றார், எந்த வகுப்பிலும் தலையாட்டத்தான் செய்வார்கள். "இப்போது அவன் சிகரெட் பிடிக்கிறானா? முன்னால் பிடித்தானா? ஒரு தடவையா, வழக்கமாகவா?" இந்த மூன்றையும் கேளுங்கள் என்றார். கேட்டதும் பாதிப் பேர் முதல் கேள்விக்கே தப்பாகச் சொன்னார்கள், அதுவரை தலையாட்டியவர்கள்தான். பத்து வருடம் நம் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்த எனக்கே அது புதுசு. பி.எட்.டில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பணமும் நேரமும் இருந்தால் செல்டா இன்னும் நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் கொடுக்கும் சான்றிதழ், நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுத்துக் காட்டியே ஆக வேண்டும், நான்கு எழுத்துப் பணிகள், சேர்வதற்கு டிகிரி கட்டாயமில்லை, 18 வயதும் நல்ல ஆங்கிலமும் இருந்து நேர்முகத்தில் தேறினால் போதும். டிகிரி இல்லாதவருக்கு ஆசிரியர் என்று காட்ட வேறு காகிதம் இல்லாததால் அவருக்குத்தான் இது அதிகம் தேவை. பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் டிகிரி இல்லாதவரை அனுப்புங்கள்.

அப்புறம் வேலை விஷயம். இங்கேதான் ஒரு ஸ்டார். கோர்ஸ் முடிந்ததும் தாய்லாந்தில் ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது, எனக்கு ஆசிரியர் வேலை, சம்பளம் எல்லாம் தெளிவாக. அவர் பெயருக்கு நேராக 'டிபெண்டன்ட்' என்று மட்டும் இருந்தது. அதாவது எனக்கு வேலை விசா, அவருக்கு என்னைச் சார்ந்தவர் என்ற விசா. அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அங்கே இருக்கலாம், சமைக்கலாம், வகுப்பில் போய் நிற்க முடியாது. தாய்லாந்தில் பள்ளி ஆசிரியருக்கு உரிமம் வேண்டும், அதற்கோ தற்காலிக அனுமதிக்கோ அடிப்படையே டிகிரி. ஏஜென்சியிடம் கேட்டால், "அங்கே போனதும் பார்த்துக்கலாம் மேடம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்கள். செய்கிறார்கள்தான், அனுமதி இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் அபராதம் கட்டி நாட்டை விட்டுப் போவதும் அவர்கள்தான், ஏஜென்சி இல்லை.

பேக்கேஜ் விளம்பரத்தில் உள்ள மற்ற நாடுகளும் இதே கதைதான். வியட்நாமில் மொழி மையங்களில்கூட ஆசிரியருக்குப் பட்டம் கேட்பார்கள், அட்டெஸ்ட் செய்த நகலோடு. சீனாவில் வேலை விசாவுக்குப் பட்டமும், பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டு பாஸ்போர்ட்டும் எதிர்பார்ப்பார்கள். தென் கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியா அந்த ஏழில் இல்லை, ஆனால் 2010-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கு உதவி ஆசிரியர் வேலைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அங்கேயும் டிகிரி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஜப்பான் ஒன்றுதான் கொஞ்சம் பரவாயில்லை, எனக்கு அங்கே வேலை கிடைத்தால் சார்ந்தவர் விசாவில் வரும் இவர் தனி அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பேக்கேஜில் ஜப்பான் இல்லை. சரி, இருக்கிறதை மட்டும்தானே விற்க முடியும்.

தாய்லாந்து வேண்டாம் என்றதும் அவர்கள் சொன்ன இன்னொரு வழிதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. பெரிய அதிகாரி மாதிரி ஒருவர் குரலைத் தாழ்த்தி, "சாருக்கு ஒரு டிகிரி ஏற்பாடு பண்ணிடலாம், பேக் டேட்டில்" என்றார். விலையும் சொன்னார். தமிழ்நாட்டில் இதற்கு நேர்மையான வழி இருக்கிறது, மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ. சேர்ந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம், வீட்டுக்காரர் இப்போது அதைத்தான் செய்கிறார். போலிச் சான்றிதழை வெளிநாட்டு அரசிடம் நீட்டுவது ஜெயிலுக்குப் போகிற குற்றம். கையெழுத்துப் போடுவது நீங்கள், அந்த அதிகாரி இல்லை.

கடைசியில் நாங்கள் வந்தது கம்போடியாவுக்கு, பேக்கேஜ் வழியாக இல்லை, நாங்களாகவே. வேலை அனுமதிக்கு இங்கே அரசு டிகிரியைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, கேட்பதும் கேட்காததும் பள்ளியின் இஷ்டம், பெரிய சர்வதேசப் பள்ளிகள் கேட்கும், மாலை நேர மொழி மையங்கள் பல கேட்காது. சுற்றுலா விசா எடுக்காதீர்கள், அதை நீட்டித்து வேலை விசாவாக மாற்ற முடியாது. 'இ' வகை விசா 35 டாலர், அதைத்தான் உள்ளே வந்தபின் வேலைக்காக நீட்டிக்க முடியும், வேலை தேடுபவர்களுக்கென்றே தனி நீட்டிப்பு உண்டு, வேலை கிடைத்ததும் ஓராண்டு நீட்டிப்பு. அது போக தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதி வேறு, விசா இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். எனக்குப் புனோம் பென்னில் ஒரு தனியார் பள்ளியில் முழுநேரம், இவருக்கு மாலையில் மணிக்கணக்குச் சம்பளம். ஒரே பள்ளி இல்லை, ஒரே சம்பளமும் இல்லை. நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் 'நேட்டிவ் ஸ்பீக்கர்தான் வேண்டும்' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்ன இடங்களும் உண்டு, நேரில் போய் ஒரு டெமோ வகுப்பு எடுத்துக் காட்டினால் அதில் சிலர் மனம் மாறினார்கள். அந்த டெமோவுக்குக் கைகொடுத்தது சென்னை வகுப்புதான், அதனால்தான் நாலு ஸ்டார்.

கம்போடியா என்றதும் அம்மா அழுதார், அதில் நியாயம் இருக்கிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி வேலையில் தள்ளிய கும்பல்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள், இந்தியத் தூதரகமும் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதனால் யாராவது 'கம்போடியாவில் ஆங்கில டீச்சர் வேலை, டிக்கெட் எங்களுடையது, விசா டூரிஸ்ட்' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். எங்கள் பேக்கேஜ்காரர்களிடம் எண் கேட்டபோது, "நாங்கள் ட்ரெயினிங் கம்பெனி மேடம், ஏஜென்ட் இல்லை" என்றார்கள். ரசீதில் மட்டும் 'பிளேஸ்மென்ட்' என்று தனி வரியில் பணம் போட்டிருந்தார்கள்.

அந்த வரியைப் படம் எடுத்து, தாய்லாந்துக் கடிதத்தையும் சேர்த்து மெயில் போட்டதும்தான் பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதிக்கு நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறோம். நீங்கள் போவதாக இருந்தால் பேக்கேஜைத் தொடாமல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள், விளம்பரத்தில் போட மாட்டார்கள், கேட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள். சனி ஞாயிறு பேட்சாகப் பார்த்து எடுங்கள், நர்ஸ்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். வார நாள் பேட்சில் கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்துவிடுகிறார்கள்.