தலையில் ஒட்டும் பிராசசர் வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

எட்டு மாதச் சம்பளம் போய்விட்டது. அதைக் கொடுத்து எனக்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் பயன்படுத்திய, அவர் பெயரிலேயே இன்னும் பதிவாகியிருக்கிற, என் தலைக்குள் இருக்கும் கருவியோடு சேராத ஒரு காக்ளியர் இம்ப்ளான்ட் பிராசசர். காது கேளாதவர்களுக்குக் கேட்க உதவும் கருவியின் வெளிப்பாகம் அது. "புத்தம் புதியது, சீல் பிரிக்காதது, முழு வாரண்டி" என்று எழுதித்தான் விற்றார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று இன்று காலை கடைசியாகப் பதில் வந்திருக்கிறது. அதே விளம்பரம் அதே படங்களோடு இன்னும் அங்கேயே இருப்பதால் உடனே எழுதுகிறேன். அடுத்த ஆள் விழுவதற்குள் இது யார் கண்ணிலாவது பட வேண்டும்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. மருத்துவக் கருவிகளை மட்டும் விற்கும் இணையச் சந்தை அது. பல விற்பனையாளர்கள் கடை போட்டிருப்பார்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று ஒரு முத்திரை இருக்கும். பிராசசரைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களும் ஒருவகையில் ஏமாற்றப்பட்டவர்கள்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. காக்ளியர் இம்ப்ளான்டில் இரண்டு பாகம். ஒன்று அறுவை சிகிச்சை செய்து தோலுக்கு அடியில் வைப்பது. அதில் பேட்டரி கிடையாது. வெளியே இருக்கும் பிராசசர்தான் ஒலியைப் பிடித்து, சமிக்ஞையாக மாற்றி, காயில் (உள்கருவிக்கு நேர் மேலே காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் கம்பிச்சுருள்) வழியாக ரேடியோ அலையில் உள்ளே அனுப்புகிறது. உள்கருவி இயங்கத் தேவையான மின்சாரமும் அதே வழியில்தான் போகிறது. வழக்கமாக இந்தப் பிராசசர் காதுக்குப் பின்னால் மாட்டுவதாக இருக்கும், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி காயிலுக்குப் போகும். நான் இதுவரை வைத்திருந்தது அந்த வகை. கண்ணாடியும் அதுவும் ஒரே காதில் இடம் கேட்டுச் சண்டை போட்டதில் காது மடல் புண்ணாகிவிட்டது. கம்பி அடிக்கடி பழுதாகும். தலையைத் திருப்பும்போது ஒலி விட்டு விட்டு வரும்.

எனவே தலையில் ஒட்டும் வகைக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். மைக், பேட்டரி, காயில், காந்தம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும், காதில் எதுவும் இருக்காது. மெட்-எல் நிறுவனம் 2013இல் ராண்டோ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது, காக்ளியர் நிறுவனத்தின் கான்சோ 2016இல் வந்தது. முதல் கான்சோவில் 675 அளவு பட்டன் பேட்டரி இரண்டு போட வேண்டும். பிறகு வந்த ராண்டோ 2, கான்சோ 2 எல்லாம் பேட்டரி உள்ளேயே இருக்கும், சார்ஜ் செய்யும் வகை.

என் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அவசரப்படவே விடவில்லை. காதுக்குப் பின்னால் மாட்டுவதில் எடையைக் காது தாங்கும். இதில் மொத்த எடையும் காந்தத்தின் மேல்தான். காந்தம் பலவீனமாக இருந்தால் குனியும்போது விழுந்துவிடும், அதிகமாக இருந்தால் தோல் சிவந்து புண்ணாகும். நமது தோலின் தடிமனைப் பார்த்து, பல அளவுகளில் வரும் காந்தங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்கருவி எங்கே இருக்கிறதோ அங்கேதான் இது உட்காரும், நம் வசதிக்கு நகர்த்த முடியாது. மைக் காதருகே இல்லாமல் தலையில் இருப்பதால் ஒலி கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும், பழக வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கும் வகையில், நடுவில் சார்ஜ் தீர்ந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ள வழியில்லை. பேட்டரி வயதானால் கருவியையே சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். அதனால் பழைய பிராசசரைத் தூக்கிப் போடாதீர்கள் என்றார். அந்த ஒரு சொல்லால்தான் இன்று எனக்குக் கேட்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஒரு நிறுவனத்தின் பிராசசர் இன்னொரு நிறுவனத்தின் உள்கருவியோடு வேலை செய்யாது. ஒரே நிறுவனமாக இருந்தாலும் எல்லா மாடலும் எல்லாத் தலைமுறை உள்கருவிக்கும் பொருந்தாது. உள்கருவியின் விவரம் இருக்கும் இம்ப்ளான்ட் அட்டையைப் பார்த்து எனக்குப் பொருந்தும் மாடலை அவரே எழுதிக் கொடுத்தார். நிறுவனத்தில் நேரடியாக வாங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது, விலையும் எட்டவில்லை. அப்போதுதான் இந்தத் தளத்தில் அதே மாடல் குறைந்த விலையில் கண்ணில் பட்டது. குறைந்த விலை என்றாலும் எட்டு மாதச் சம்பளம்.

நான் கேட்காத கேள்வி இல்லை. எந்த ஆண்டு தயாரிப்பு, வாரண்டி யார் பெயரில் வரும், காந்தம் எந்த அளவு, எல்லாவற்றுக்கும் எழுத்திலேயே பதில் வந்தது. "உங்கள் இம்ப்ளான்ட் அட்டையை அனுப்புங்கள் சார், பொருந்துமா என்று பார்த்துவிட்டுத்தான் விற்போம். பொருந்தாவிட்டால் எங்களுக்கே வேண்டாம்" என்று அந்த விற்பனையாளர் எழுதினார். அது மட்டுமா? நான் கேட்பதற்கு முன்பே பெட்டியின் சீரியல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பினார். "இதை உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் கொடுத்து நிறுவனத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள் சார், திருப்தியானால் பணம் போடுங்கள்" என்றார்.

விசாரித்தோம். அந்த எண் புதியது, யார் பெயரிலும் பதிவாகவில்லை என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. ஆடியாலஜிஸ்டும் சரி என்றார். நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். ஏமாற்ற நினைப்பவன் தானாக முன்வந்து எண்ணைக் கொடுப்பானா? கொடுப்பான். கொடுத்தான். அதுதான் அவனுடைய தொழில்முறை என்று இப்போது தெரிகிறது.

பார்சல் வந்தது. பெட்டியின் மேல் அதே எண். சீலும் சரியாகவே இருந்தது. உள்ளே இருந்த கருவியைப் பார்த்ததுமே ஏதோ உறுத்தியது. ஓரங்களில் மங்கிய தேய்மானம், உடையில் கோத்துக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு இல்லை. ஆடியாலஜிஸ்ட் இணைத்துப் பார்க்கும் வரை சார்ஜ் மட்டும் போட்டு வைத்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் சார்ஜ் அரை நாள்கூட நிற்கவில்லை.

மேப்பிங் அறையில், அதாவது பிராசசரை அவரவருக்கு ஏற்ப அமைக்கும் இடத்தில், கணினியோடு இணைத்தவுடன் ஆடியாலஜிஸ்டின் முகம் மாறிவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினார். கருவி தன்னுடையது என்று காட்டிய எண் வேறு, பெட்டியில் ஒட்டியிருந்த எண் வேறு. உள்ளே இன்னொருவருடைய மேப் அப்படியே இருந்தது. பெட்டியை உற்றுப் பார்த்தால், எண் இருந்த ஸ்டிக்கர் இன்னொரு ஸ்டிக்கரின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.

மேப் என்பது என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பயங்கரம் என்று புரியும். உள்காதில் இருக்கும் ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் (மின்முனைக்கும்) நமக்கு லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவு எது, சிரமமில்லாமல் தாங்கும் அதிகபட்ச அளவு எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அமைப்பது அது. ஒருவருடைய மேப் இன்னொருவருக்குச் சேராது. வலிக்கும் அளவுக்குச் சத்தம் வரலாம். நல்லவேளை, இந்தக் கருவி உள்கருவியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் வகை, அது ஒத்துப்போகாமல் ஒலி அனுப்ப மறுத்துவிட்டது. இதைச் சார்ஜ் போட்டு நேராக ஒரு குழந்தையின் தலையில் வைத்திருந்தால், அதுவும் அந்தச் சரிபார்ப்பு இல்லாத கருவியாக இருந்திருந்தால்? "வாங்கினதும் ஒட்டிக்கொள்ளலாம், அமைப்பெல்லாம் தயார்" என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறார்களே, அதை எழுதிய கை யாருடையது?

ஆடியாலஜிஸ்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். வேறொருவர் பெயரில் பதிவான கருவி, அவருடைய சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் எனக்காக மேப் செய்ய முடியாது, வாரண்டியும் முடிந்துவிட்டது என்று பதில். அவர்கள் சொல்வது நியாயம்தான். தலையில் ஒட்டும் கருவியைக் காந்தம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கேயோ யாருக்கோ விழுந்து தொலைந்ததாக இருக்கலாம். அவரும் எங்கேயாவது தேடிக்கொண்டிருப்பார்.

இனி அலைக்கழித்த கதை. விற்பனையாளர் முதலில், "மேப்பிங் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் சார்" என்றார். மேப் செய்யவே முடியாது என்று விளக்கி எழுதினால், "உங்கள் ஆடியாலஜிஸ்டுக்கு இந்த மாடல் பழக்கமில்லை போல" என்று பதில். அப்புறம் "வேறு சென்டரில் காட்டுங்கள்". அப்புறம் "மேனேஜர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் மாற்றித் தருகிறோம்". இப்படியே இழுத்து, திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்த மறுநாளே தொனி மாறியது: "உடலில் படும் மருத்துவக் கருவி, சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற முடியாது." யாரோ ஒருவர் தலையில் இருந்ததை எனக்கு விற்கும்போது அந்தச் சுகாதாரம் எங்கே போயிருந்தது?

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இதைவிட மோசம். "நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம், விற்பனையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்றார்கள். பெரிய தொகை என்பதால் போனில் பேசினால்தான் புகாரை மேலே அனுப்புவார்களாம். எனக்குப் போனில் பேச்சு புரியாது, காது கேளாதவன், எழுத்தில் பதில் கொடுங்கள் என்று எழுதினேன். "உங்கள் நலனுக்காக எங்கள் அதிகாரி அழைப்பார்" என்று பதில் வந்தது. அழைத்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? அக்காவைப் பேச வைத்தேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். "அவனுக்குக் கேட்காது, அதனால்தானே அந்தக் கருவியையே வாங்கினான்" என்று அக்கா கத்தியே விட்டாள். அன்று மாலையே, "உங்களைத் தொடர்புகொண்டோம், பதில் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மின்னஞ்சல்.

காது கேளாதவர்கள் மட்டுமே வாங்கும் ஒரு பொருளை விற்றுவிட்டு, காதால் மட்டுமே புகார் சொல்ல முடியும் என்று வைத்திருக்கிறார்கள். எட்டு மாதச் சம்பளத்தைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

மறுபடி புகாரைத் திறக்க வைத்தேன். ஆடியாலஜிஸ்டின் கடிதம், திரையின் படம், இரண்டு ஸ்டிக்கர்களின் படம் எல்லாம் அனுப்பினேன். இன்று காலை வந்த பதில்: "விற்பனையாளர் கொடுத்த எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருப்பதால், சரியான பொருளே அனுப்பப்பட்டதாக முடிவு செய்கிறோம்." நான் அனுப்பிய எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் நிற்கவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியின் எண்ணை விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கருவியின் உடலில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணையும், மேப்பிங் மென்பொருளில் அது காட்டும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணம். அதற்கு ஒரே வழி, ஆடியாலஜிஸ்டின் மேசையில் வைத்துச் சரிபார்த்த பிறகு பணம் கொடுப்பது. அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். முடிந்தவரை நிறுவனத்திடமோ உங்கள் இம்ப்ளான்ட் சென்டர் வழியாகவோ வாங்குங்கள், காத்திருந்தாலும் பரவாயில்லை.

"ஒட்டினாலே கேட்கும்" என்று யார் சொன்னாலும் ஓடிவிடுங்கள். மேப் இல்லாமல் எந்தப் பிராசசரும் உங்களுக்கானது இல்லை.

பார்சல் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள், ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். முதல் பதில் இழுவையாக வந்ததுமே, அவர்கள் சமாதானத்துக்குக் காத்திராமல் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே அந்தத் தளத்துக்கு எழுதி, புகாருக்கு எழுத்தில் பதில் தருவார்களா என்று கேளுங்கள். உங்கள் பிராசசர் தொலைந்தாலோ திருடு போனாலோ அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்க ஒரு வழி இருப்பதாக அக்கா சொல்கிறாள். அந்தக் கடிதத்தை இன்றே அனுப்ப வேண்டும். எட்டு மாதச் சம்பளம், விடப்போவதில்லை. இதே ஸ்டிக்கர் வேலையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தயவுசெய்து எழுத்தில்.