யூத் மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட் பயிற்சி: கட்டணம் கட்டலாமா?

ஆஸ்திரேலியாவில் 2000-ல் பெட்டி கிச்சனரும் அந்தோனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவித் திட்டத்தின் ஒரு கிளை இது. 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு பழகும் பெற்றோர், ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கானது. நேரடி வகுப்பு 14 மணி நேரம். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும்.

கட்டணத்துக்கு நியாயம் செய்வது தற்கொலை பற்றிய பகுதிதான். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும். அந்தக் கேள்வியே அப்படிச் சொல்ல வைக்கிறது. "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகக் கேட்கப் பழக்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால் அடுத்து: திட்டம் இருக்கிறதா, எப்போது, அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இப்போது குடித்திருக்கிறதா. ஆபத்து உடனடியானது என்றால் தனியே விடக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

பீதித் தாக்குதல், சுயகாயம், போதை ஆகியவற்றுக்கும் வழிமுறை உண்டு. பீதியா ஆஸ்துமாவா மாரடைப்பா என்று சந்தேகம் வந்தால், யோசித்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்பது தெளிவாகவே இருக்கிறது.

குறை, இந்த முதலுதவியின் ஐந்து படிகளை (அணுகி ஆபத்தைக் கவனி, காதுகொடுத்துக் கேள், ஆதரவும் தகவலும் கொடு, டாக்டரைப் பார்க்கச் சொல், மற்ற ஆதரவுகளையும் நாடச் சொல்) வாய்ப்பாடாக ஒப்பிக்க வைப்பது. பேசிக் கேட்டு முடிக்கும் முன்பே "டாக்டரைப் பார்" படிக்குத் தாவிவிடுகிறார்கள். பதின்வயதுப் பிள்ளை அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளும். முதல் பேச்சுக்குப் பிறகு வரும் வாரங்களுக்கு, அதாவது அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கும் காலத்துக்கு, பாடத்தில் போதிய இடமில்லை. பயிற்சி பெற்றவரின் அறிவும் துணிவும் கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளையின் நலம் எவ்வளவு கூடுகிறது என்பதற்குச் சான்று இன்னும் மெலிவுதான். விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள்.

இணையப் பாடமும் வகுப்பும் கலந்த வடிவமும் உண்டு. எதை எடுத்தாலும் ரோல் ப்ளேக்கு, அதாவது நடித்துப் பழகுவதற்கு, எவ்வளவு நேரம் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஸ்லைடு ஓட்டும் பயிற்றுநரிடம் மாட்டினால் தற்கொலை பற்றிய அந்த நேரடிக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழகாமலே சான்றிதழ் வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் அதைத் தமிழிலும் ஒரு துணையோடு சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. லைஃப்லைன் 13 11 14, கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, அவசரத்துக்கு 000 ஆகியவை ஆஸ்திரேலிய உதவி எண்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐப் போனில் சேமிக்கலாம், தமிழிலும் பேசலாம்.