கடலில் அடிபட்டால்: போலீஸ் புகாரா, ஆணைய மனுவா?

பாம்பனிலிருந்து மீன்பிடிக்கப் போனவரை நம் கடற்படை, கடலோரக் காவல்படை ரோந்துக்காரர்களே அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். மரைன் போலீஸில் எஃப்ஐஆர் போட்டால் நகல் இலவசம். ஆனால் ‘பணியில் செய்தது’ என்று சொல்லிவிட்டால், கோர்ட் வழக்கை எடுக்க அரசின் முன்அனுமதி வேண்டும். அங்கேதான் இழுக்கும்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணமில்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுதவேண்டும். ஆனால் 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, அடித்தது இப்படி ஒன்றிய ஆயுதப்படை என்றால், ஆணையம் ஒன்றிய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரைக்கலாம். அவ்வளவுதான். (இதற்கு ஒரு ஆணையம்!)

என்னைக் கேட்டால் முதலில் எஃப்ஐஆர், அப்புறம் மனு. அதற்கும் முன்னால் அரசு ஆஸ்பத்திரி: தோளில் லத்தியடி கன்றியிருக்கும்போதே பதிவாகட்டும். மீன்துறை டோக்கனையும் நனையவிடாதீர்கள். அன்றைக்குக் கடலுக்குப் போனதற்கு அது சாட்சி.